பூட்டிய வீட்டில் அடிக்கும் மணி

கீழச்சிவல்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் பெரிய வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக் கட்டாக நீளும் வீடு. பர்மா தேக்கில் தூண்களும் உத்தரங்களும். அறைகளுக்குள் பழைய பேரேடுகள், மெத்தைகள், மரப்பெட்டிகள். ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பங்கு உண்டு என்பதால் ஒவ்வோர் அறைக்கும் தனிப்பூட்டு. உரிமையாளர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். வீட்டோடு இருப்பது வயதான ஆச்சி ஒருவர்; பல வீடுகளில் அவரும் இல்லை.

செட்டிநாட்டில் இத்தகைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாக மாறிவிட்டன. அங்கே கூரையில் வெள்ளை வட்டமாக ஸ்மோக் டிடெக்டரைப் பார்க்கும் உறவினர்கள், நம் வீட்டிலும் ஒன்று மாட்டலாமா என்று யோசிக்கிறார்கள். அவசியம் மாட்ட வேண்டும். எங்கே மாட்டுவது, மாட்டிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் இதன் பலன் முழுவதும் இருக்கிறது.

அந்தக் கருவிக்குத் தீ தெரியாது. புகை அதன் கூட்டுக்குள் நுழைந்து, உள்ளே பாயும் ஒளியைச் சிதறடித்தால்தான் மணி அடிக்கும். வளவோ வானம் பார்த்தது. அங்கே எழும் புகையில் ஒரு பங்கு அந்த வழியாகவே வெளியே போய்விடும். பூட்டிய அறைக்குள் ஒரு மெத்தை கனன்றுகொண்டிருந்தால், வெளித் தாழ்வாரத்தில் இருக்கும் டிடெக்டருக்குப் புகை எட்டவே நெடுநேரம் பிடிக்கும். கூரையின் உயரமும் ஒரு தடை. சித்திரை வெயிலில் கூரைக்கு அடியில் சூடான காற்று படலமாகத் தேங்கி நிற்கிறது. கனன்று எரியும் சிறு தீயின் புகைக்கு அந்தப் படலத்தைத் தாண்டி ஏறும் வேகம் இருக்காது. பாதி உயரத்திலேயே பரவி நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது பொய் மணி. தூசியும் சிலந்தியும் கூட்டுக்குள் புகுந்தாலே கருவி அலறும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும், அறுபதாம் ஆண்டுச் சாந்திக் கல்யாணத்துக்கும் குடும்பம் முழுவதும் ஊர் திரும்பும் நாட்களில், விறகடுப்பு மூட்டினால் கேட்கவே வேண்டாம். இரண்டு முறை பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாம் முறை யாராவது ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிவிடுவார். விடுதி என்றால் பேனலில் அந்தப் பகுதியை மட்டும் அணைத்துவிடுவார்கள். மறுபடி போடுவது யாருக்கும் நினைவிருக்காது. பந்தல், ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, வரிசையாக கேஸ் சிலிண்டர், நூற்றுக்கணக்கில் விருந்தாளிகள் என்று ஆண்டிலேயே ஆபத்து மிகுந்த அந்த நாட்களில்தான் வீடு காவலின்றி நிற்கும்.

அடுப்படிக்குப் புகையைத் தேடும் கருவி சரிப்படாது. ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மணி அடிக்கும் வெப்ப டிடெக்டர்தான் அங்கே பொருத்தம். அது தாமதமாகத்தான் பேசும். ஆனால் வெறும் புகைக்கு அலறாது. எந்த இடத்துக்கு எது என்பதை இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2189 விளக்குகிறது. மாட்டித் தருபவரிடம் அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மாட்டிய கருவி வேலை செய்யும் என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் வாங் ஃபுக் கோர்ட் அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீயில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எட்டுக் கட்டடங்களிலும் அலாரம் சரிவர இயங்கவில்லை என்று தீயணைப்புத் துறையே சொன்னது. அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூவர், அலாரமே இல்லாத அல்லது இருந்தும் இயங்காத வீடுகளில் இறக்கிறார்கள். பேட்டரி தீர்ந்துபோவது, யாராவது கழற்றி வைப்பது போன்ற சின்னக் காரணங்கள்தான் இயங்காமைக்குப் பெரும்பாலும். கருவிக்கு ஆயுளும் பத்து ஆண்டுதான். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

சரி, மணி ஒழுங்காகவே அடிக்கிறது. யார் காதில் விழும்? வழக்கமான அலாரத்தின் கீச்சொலி சுமார் 3000 ஹெர்ட்ஸ். முதுமையில் முதலில் மங்குவது இத்தகைய உச்சஒலிகளைக் கேட்கும் திறன்தான். எண்பது வயது ஆச்சி தடித்த சுவருக்கும் தேக்குக் கதவுக்கும் அப்பால் தூங்கினால், முகப்பில் அடிக்கும் மணி அவரை எழுப்பாது. காது மங்கியவர்களை 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி நன்றாக எழுப்புகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மணி இருக்க வேண்டிய இடம் அவர் படுக்கும் அறை.

கேட்டாலும் போதாத நிலை உண்டு என்பதை நம் பக்கத்து மாவட்டங்களே காட்டியிருக்கின்றன. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநலக் காப்பகக் கொட்டகையில் 28 பேர் கருகினார்கள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். எந்த அலாரம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்? திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள்; தப்பிக்க லிஃப்டில் ஏறியவர்கள் புகையில் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் ஆளில்லாத நேரத்துத் தீயும் உண்டு: மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 இரவு, கடைகளை அடைத்த பிறகு பற்றிய தீ வீரவசந்தராயர் மண்டபத்தின் கற்கூரையையே சாய்த்தது.

ஆளில்லாத வீட்டுக்கு ஒரு வழி, செல்போனுக்குத் தகவல் அனுப்பும் அலாரம். அது கோலாலம்பூரில் இருப்பவரை நள்ளிரவில் எழுப்பிவிடும். அவர் அங்கிருந்து 101 அழுத்தினால் இங்கே யாரும் எடுக்கப்போவதில்லை. திருப்பத்தூர் தீயணைப்பு நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணை அவர் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு தெருக்களில் எந்த வாசலுக்கு வண்டி வர முடியும், பக்கத்தில் எந்த ஊருணியில் தண்ணீர் நிற்கிறது, சாவி எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டவுடன் சொல்லத் தெரிய வேண்டும். பங்காளிகள் அனைவரின் அறைச் சாவிக்கும் ஒரு மாற்றுச் சாவி, ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். அடுத்த படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும் கூடும்போதே இதைப் பேசி முடித்துவிடலாம்.