விழாக்கால உயிரோம்பல்

உழைப்பு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது ஓய்வு. ஆண்டு முழுவதும் ஏர் பிடித்தும், ஏடு பயின்றும், தொழில் புரிந்தும் இளைத்த உடலும் உள்ளமும் சின்னாள் ஆறியிருந்து புத்துணர்வு பெறுதற்பொருட்டே நம் முன்னோர் விழாக்களை வகுத்தனர். ஐப்பசித் திங்களில் தீபாவளியும், கார்த்திகையில் விளக்கீடும், தைத்திங்களில் பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பள்ளிகளும் அக்காலத்தே விடுமுறை பெறுகின்றன. ஆயினும், ஓய்வுக்கென அமைந்த நாள்களே உடலுக்கு நோயையும், வாயற்ற உயிர்களுக்குத் துன்பத்தையும் விளைக்கும் நாள்களாக மாறிவிடுதல் உண்டு. அஃது ஏன் நிகழ்கின்றது, அதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பவற்றை அறிந்துகொள்ளுதல் மாணவர்க்கு நலம் பயக்கும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஓங்கி நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து, வடக்கே பாலாற்றுப் படுகையையும் தெற்கே காவிரிப் படுகையையும் பிரிக்கும் அரணாக விளங்குகின்றது. கோமுகி ஆறு பிறப்பதும் இம்மலையிலேதான். இதன்மேல் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று கரியாலூர். இங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பதே அப்பெயரின் பொருள். அவர் பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தோர் என்பது அவரிடையே வழங்கும் மரபுச் செய்தி. சரிவு நிலங்களைத் திருத்திச் சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு அவர் வாழ்கின்றனர். ஆடும் மாடும், கோழியும் நாயும் அவர்தம் வாழ்வில் இரண்டறக் கலந்தவை. ஓர் எருது நோயுற்று வீழுமாயின், அவ்வாண்டு உழவே தடைப்படும், குடும்பமும் தளரும்.

விடுமுறை நாள்களில் சமவெளியினின்று மக்கள் பலர் இம்மலைக்கு வருகின்றனர். குளிர்ந்த காற்றும், பசிய காடும், மேகம் அருவி, பெரியார் அருவி முதலிய நீர்வீழ்ச்சிகளும் அவர்களை ஈர்க்கின்றன. ஊரார்க்கும் வந்தவர்க்கும் இது மகிழ்ச்சிக்குரிய காலமே. எனினும் அம்மகிழ்ச்சியில் மனிதன் மறக்கத் தகாத நெறிகள் மூன்று உள. அவை அளவு, அமைதி, ஓய்வு என்பன. இம்மூன்றும் தன்னுயிரைக் காப்பவை. பிறவுயிர்களைக் காப்பவையும் அவையே.

முதலாவது அளவு. மாட்டுப் பொங்கலன்று உழவர் தம் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி வண்ணம் தீட்டி, பழைய கயிற்றை நீக்கிப் புதுக்கயிறு பூட்டுகின்றனர். இச்செயல்கள் வெறும் அலங்காரம் அல்ல. குளிப்பாட்டும்பொழுது உடலில் ஒட்டிய உண்ணிகள் புலனாகும். நுகத்தடி அழுத்திய கழுத்துப் புண்ணும், மூக்கணாங்கயிறு அறுத்த தழும்பும் கண்ணிற்படும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு மாட்டையும் தலைமுதல் குளம்புவரை உற்று நோக்கச் செய்யும் ஏற்பாடு அது. ஆனால், அன்பின் மிகுதியால் சிலர் குண்டான் குண்டானாகப் பொங்கற்சோற்றையும் வெல்லத்தையும் மாட்டுக்கு ஊட்டிவிடுவர். இதனால் விளையும் தீங்கு பெரிது.

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் மிகப் பெரியதாகிய முதல் அறையில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மாடு தின்ற புல்லையும் வைக்கோலையும் மெல்ல மெல்லச் சிதைத்துச் சத்தாக்கித் தருபவை அவையே. பழக்கமில்லாத சோறு மிகுதியாக அவ்வறையிற் சேரின், அது விரைந்து புளித்து அமிலமாக மாறும். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடியும். மாடு அசைபோடுதலை நிறுத்தும், வயிறு உப்பும், உடலின் நீர் வற்றும், நிற்கமாட்டாது தளர்ந்து வீழும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்காவிடில் இறத்தலும் கூடும். ஆகவே, படையலினின்று ஒரு கைப்பிடி மட்டும் அளித்து, எஞ்சிய பசியைப் புல்லாலும் வைக்கோலாலும் ஆற்றுதலே முறை. கொம்புக்குத் தீட்டும் வண்ணத்திலும் கருத்து வேண்டும். ஈயம் கலந்த வண்ணத்தை மாடுகள் நக்கினால் அது நஞ்சாகும். மஞ்சளைக் குழைத்துப் பூசுதல் அழகும் தரும், தீங்கும் செய்யாது.

மாட்டுக்குக் கூறிய இவ்விதி மனிதனுக்கும் பொருந்துவதே. விழா நாளில் காலைமுதல் இரவுவரை இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் இடைவிடாது உண்பவன் மறுநாள் வயிற்றுநோயால் வருந்துகின்றான். முன்னர் உண்டது அற்றபின் பசித்து உண்ணுதலும், பசி முழுதும் அடங்குமுன் நிறுத்துதலும், நீர் வேண்டுமளவு பருகுதலும் உடல்நலத்திற்கு அடிப்படை. திருவள்ளுவர் தம் நூலில் அருளுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவாறே மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, அதனுள் உணவின் அளவையே பெரிதும் வற்புறுத்தினார் என்பது கருதத்தக்கது.

அளவின் நெறி காட்டுவிலங்குகள்பாலும் கொள்ளத்தக்கது. மலைச்சாலையின் ஓரத்தே அமர்ந்திருக்கும் குரங்குகட்குப் பயணிகள் பலர் ரொட்டியும் நொறுக்குத் தீனியும் எறிகின்றனர். இஃது இரக்கமெனத் தோன்றினும் இரக்கமன்று. குரங்கு காட்டிற் பழமும் தளிரும் பூச்சியும் தேடி உண்பது. பழத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு சென்று, கொட்டையை வேறிடத்தே உமிழ்ந்து, அறியாமலே மரம் வளர்ப்பது. சாலையோரத்தில் எளிதாகத் தீனி கிடைக்குமாயின், காடு புகுவதை அது மறக்கும்; வண்டிச் சக்கரத்தில் அகப்படும்; கையிலுள்ளதைப் பறிக்கத் துணிந்து குழந்தைகளைக் கடிக்கவும் செய்யும். அதனை அதன் காட்டில் வாழவிடுதலே அதற்கு நாம் செய்யும் உதவி.

உணவுண்டபின் எறியும் நெகிழிப் பைகளும் உயிர்க்குக் கேடானவை. உப்பும் உணவும் ஒட்டிய பையை மாடு பையோடு விழுங்கிவிடும். இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் நெகிழியைச் சிதைக்க இயலாது. அஃது ஆண்டுக்கணக்கில் அங்கேயே திரண்டு, தீனிக்கு இடமின்றிச் செய்து, விலங்கைப் பட்டினியால் வாட்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றைத் தமிழக அரசு 2019 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தொட்டுத் தடை செய்துள்ளது. கொண்டு சென்ற பையைத் தானே திரும்பக் கொண்டுவருதல் பயணிக்குச் சிறு வேலை. மாட்டுக்கோ அஃது உயிர்க்காப்பு.

இரண்டாவது அமைதி. மனிதனின் செவி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை உணரவல்லது. நாயின் செவியோ 40,000க்கும் மேற்பட்ட அதிர்வுகளையும் உணரும். நம் செவிக்குக் கேளா ஒலியும் அதற்குக் கேட்கும். ஆதலின் வெடியோசை நமக்கு விளையாட்டாயினும், அதற்குப் பேரச்சம் ஆகின்றது. அது நடுங்கி ஒளியும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும், வழிதவறும். இரவிற் கூட்டில் உறங்கும் பறவைகள் இருளிற் பதறிப் பறந்து மோதி வீழ்வதும் உண்டு. மிகுந்த ஒலியால் மனிதர்க்கும் கேடு உளது. உட்செவியில் ஒலியை உணரும் மெல்லிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

அஞ்சிய நாய் கடித்தலும் இயல்பு. வெறிநோய் கொண்ட நாயின் கடியால் அந்நோய் மனிதனைத் தொற்றி, அறிகுறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் வழலைக்கட்டி இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதலும், காலந்தாழ்த்தாது மருத்துவமனை சென்று தடுப்பூசி பெறுதலும் கட்டாயம் செய்யத்தக்கன. லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டில் இத்தடுப்பு மருந்தை முதன்முதல் மனிதனுக்கு அளித்து ஒரு சிறுவனைக் காத்தார். நம் நாட்டிலும் நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் 1907 ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு நிறுவனம் தோன்றியது. நாயின் வாலில் வெடி கட்டி மகிழ்வோன், விலங்குக்கு மட்டுமன்றித் தன் தெருவினர்க்கும் தீங்கு தேடுகின்றான் என்பது இதனாற் புலனாகும்.

இத்தகைய மகிழ்ச்சியை உயிர்களின்பொருட்டுத் துறந்த ஊர்களும் தமிழகத்தில் உள. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அண்மையில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்கள் 1977 ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. வடகிழக்குப் பருவமழையின்போது நாரையும் கொக்கும் பிறவும் அங்கு வந்து கூடு கட்டும். தீபாவளியும் அக்காலத்தே வருதலின், அவ்வூரார் பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் அதனை உவந்து ஏற்றுக்கொண்டனர். வேடந்தாங்கல் மக்களோ, தம் ஏரிப்பறவைகளை எவரும் சுடலாகாது என்று வேண்டி, 1798 ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு என்பவரிடம் எழுத்துவழி ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரமாகும். பிறவுயிர்க்குச் செய்த அருள் அவ்வூரார்க்கே விளைச்சலாகத் திரும்பி வந்தது.

நாட்டின் சட்டமும் அமைதியை வற்புறுத்துகின்றது. இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை ஓசையெழும் வெடிகளை வெடிக்கலாகாது என 2005 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 ஆம் ஆண்டில் தீபாவளியன்று வெடிப்பதற்கு இரண்டு மணிநேரமே உரியதென அது வரையறுத்தது. வெடிக்கும் நேரத்திலும் பருத்தியாடை உடுத்தி, பெரியோர் துணையோடு, அருகில் நீர் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். தீப்புண் பட்டால் தூய குளிர்நீரில் நெடுநேரம் காட்டி, மையும் மாவும் பூசாது மருத்துவரை நாடுதல் வேண்டும். வீட்டு விலங்குகளை அவ்வேளையில் உள்ளறையில் அடைத்து, கதவும் சாளரமும் சாத்தி, உடனிருந்து தட்டிக்கொடுத்தல் அவற்றின் அச்சத்தைத் தணிக்கும்.

மூன்றாவது ஓய்வு. மாட்டுப் பொங்கலன்று எருதை ஏரிற் பூட்டார், வண்டியிற் கட்டார். உழைத்தவன் ஒருவனுக்கே விடுமுறை என்று நம் முன்னோர் எண்ணவில்லை. உடனுழைத்த எருதுக்கும் அதனை உரிமையாக்கினர். இன்றோ விடுமுறை பெற்ற மாணவரே ஓய்வின்றித் திரிதலைக் காண்கின்றோம். இரவெல்லாம் கண்விழித்துப் படக்காட்சியும் கைப்பேசியும் பார்த்து, பகலில் உறங்கி, உணவு நேரமும் தவறுவோர் பலர். வளரும் பருவத்தார்க்கு நாள்தோறும் எட்டு மணிநேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். உறக்கம் குறைந்தவனுக்குச் சினம் எளிதில் எழும். அச்சினம் தம்பியின்மீதும் பாயும். வாயிலில் நிற்கும் கன்றின்மீதும் பாயும். உடல் ஆறியிருப்பவனிடமே பொறுமை நிலைக்கும். பொறுமை உள்ள இடத்திலேயே அருள் பிறக்கும்.

விலங்குகட்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் அமைத்ததில் தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவர்க்குச் சிறந்த பங்கு உண்டு. கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் உறுப்பினராக இருந்தபோது, 1953 ஆம் ஆண்டில் அதற்கென ஒரு சட்ட முன்வரைவைக் கொணர்ந்தார். அவர் முயற்சியின் பயனாக 1960 ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி 1962 ஆம் ஆண்டில் தோன்றிய விலங்குகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார்.

சட்டம் வெளியினின்று காப்பது. அருள் உள்ளத்தினின்று காப்பது. அவ்வருளை வாழ்ந்து காட்டியவர் இராமலிங்க அடிகள். அவர் 1867 ஆம் ஆண்டில் வடலூரில் நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு, பசித்தோர்க்கு உணவிட அன்று தொட்டு எரிந்துவருகின்றது. இன்று தனித்தனி மாவட்டங்களில் அடங்கினும், வடலூரும் கரியாலூரும் முன்னாளில் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தைச் சார்ந்தவை. எவ்வுயிர்க்கும் இரங்குக எனக் கற்பித்த அவ்வடிகளே, வைகறையில் எழுதல், அளவாக உண்ணுதல், அளவாக உறங்குதல் ஆகிய நாட்கடன்களையும் விளக்கமாக எழுதிவைத்தார். தன்னுடலைப் பேணுதலையும் பிறவுயிரைப் பேணுதலையும் அவர் பகைப்பொருள்களாகக் கருதவில்லை.

ஆதலின் விடுமுறையில் கரியாலூர் போன்ற மலையூர்கட்குச் செல்லும் மாணவர், அருவியில் நீராடி, நல்ல காற்றை நுகர்ந்து, நேரத்தே உண்டு உறங்கி, உடல் தேறி வருவாராக. காட்டுக்குள் கூச்சலிடாமலும், குரங்குக்குத் தீனி எறியாமலும், நெகிழியை விட்டுவராமலும் இருப்பாராக. ஊரில் தங்கும் மாணவர், வாயிலில் ஒரு தொட்டி நீரும், மாடத்தில் ஒரு பிடி தானியமும் வைப்பாராக. நோயுற்ற விலங்கைக் கண்டால் கால்நடை மருத்துவமனைக்கு அறிவிப்பாராக. விழா முடிந்து அவர் பள்ளிக்குத் திரும்பும் நாளில், அவர் தெருவிலுள்ள கன்றும் நாயும் அச்சமின்றி அவரை நெருங்கி வருமாயின், அவ்விழா நன்கு கொண்டாடப்பெற்றது என்று அறியலாம்.