ஓநாயின் பேரன்

"ஓநாயின் வம்சந்தானே! பச்சை மாமிசமே நாய்க்கு இயற்கை உணவு" என்று நண்பர்கள் சொல்ல, நாமும் ஏற்காடு ஒண்டிக்கடையில் ஆட்டு ஈரல் பொட்டலம் வாங்கிச் சென்றதுண்டு. 1993-ல் ஆஸ்திரேலிய மிருக வைத்தியர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய நூலொன்று இக்கொள்கையைப் பல நாடுகளில் பரப்பிற்று.

ஆனால் பேரன் பாட்டனாகிவிடுவதில்லை. 2013-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, மாவுப் பண்டங்களைச் செரிக்கும் திறன் ஓநாயைவிட நாய்க்கு மிக அதிகம். சேர்வராயன் மலையில் விளையும் கேழ்வரகின் களியும் அதற்கு ஏற்கும்.

பச்சை ஈரலில் பேரபாயம் ஒன்றும் உண்டு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அவற்றினுள்ளே நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் தின்றால் புழு அதன் குடலில் வளர்ந்து முட்டையிடும். முட்டைகள் மலத்தோடு வெளிவந்து ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். நாயைக் கட்டிக்கொண்டு விளையாடிய குழந்தை கை கழுவாமல் உண்டால், பல வருஷங்களுக்குப் பின் அக்குழந்தையின் ஈரலிலேயே கட்டி தோன்றலாம்.

ஆகவே, மாமிசத்தை நன்றாக வேகவைத்து, ஆறவிட்டு, களியோடு பிசைந்து இடுங்கள். வெந்த எலும்பு சிம்பாய்ப் பிளந்து குடலைக் குத்தும், நீக்கிவிடுங்கள். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்; சேர்க்க வேண்டாம்.

நம் வீட்டு ஓநாய்ப் பேரன் முகம் சுளிக்கவில்லை. தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்கிறான்!