காரீயக் குண்டும் கழித்துவிட்ட கார்பைனும்



மலையகத்தைப் பற்றிப் பேசுவோர் தேயிலையைப் பற்றிப் பேசுவர். மழையையும் மூடுபனியையும் பற்றிப் பேசுவர். காரீயத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆயினும் இம்மலைகளின் வரலாற்றில் அந்த மென்மையான உலோகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தேயிலையில் ஈரம் ஏறாதிருக்கும் பொருட்டு, அக்காலத்துத் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தைக் காரீயத் தகட்டினால் மூடினர். அலுமினியத் தகடு வந்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. அதே உலோகம் வேறொரு வடிவத்திலும் மலைக்கு வந்தது. அதுவே துப்பாக்கிக் குண்டு. வார்த்தெடுத்த காரீயக் குண்டு எவ்வாறு தொழிற்படுகிறது, படையிலிருந்து கழித்துவிட்ட பழைய கார்பைன்களில் அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது, இம்மலைகளில் துப்பாக்கியால் நேர்ந்தவை யாவை என்பவற்றை இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

முதலில் துப்பாக்கி மலைக்கு வந்த கதையைப் பார்ப்போம். நுவரெலியா கொல்ப் மைதானத்தின் ஓரத்தில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த இவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்பர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவருக்குப் பின்னர், 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1855 வரை அங்கே வாழ்ந்து வேட்டையாடினார். பிரிஸ்டல் நகரில் அவருக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கி ஒன்றின் எடை 21 இறாத்தல். அதன் கூம்பு வடிவக் குண்டின் எடை 4 அவுன்சு. அக்காலத்தில் யானையைக் கொல்வது குற்றமன்று. அதற்கு அரசாங்கமே சன்மானமும் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் 3,500 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டதாக எமர்சன் டென்னன்ட் எழுதியுள்ளார்.

இத்தனையையும் செய்தது காரீயம். ஏன் இரும்பன்று, செம்பன்று, காரீயமே? காரணம் மூன்று. காரீயம் கனமானது, ஆகையால் சிறிய குண்டும் காற்றை ஊடுருவி நெடுந்தூரம் செல்லும். அது 327 பாகை செல்சியசில் உருகிவிடும். அடுப்பு நெருப்பும் அச்சும் போதும். மூன்றாவதாக, அது மென்மையானது. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறும்போது பம்பரம் போலச் சுழலும். சுழலும் பம்பரம் சாயாதவாறு, சுழலும் குண்டும் தலைகீழாகப் புரளாது நேரே செல்லும். பள்ளங்களைப் பற்றிக்கொள்வதற்கு மென்மை வேண்டும். அதைக் காரீயம் தருகிறது.

எனினும் மென்மை மிகுந்தாலும் தீங்கு. தூய காரீயம் குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதனுடன் சிறிது வெள்ளீயம் சேர்ப்பர். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பயன்படுத்துவது இந்த வெள்ளீயமே. காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு என்பதை நேயர்கள் மறத்தலாகாது. இன்னும் கடினம் வேண்டுமாயின் அந்திமனியும் சேர்ப்பர். காரீயம், வெள்ளீயம், அந்திமனி ஆகிய மூன்றும் கலந்த கலவையினாலேதான் பழைய அச்சுக்கூடங்களில் எழுத்துக்களை வார்த்தனர். புத்தகத்துக்கு எழுத்தாகியதும் துப்பாக்கிக்குக் குண்டாகியதும் ஏறக்குறைய ஒரே கலவைதான்.

பிரித்தானியப் படையில் 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கி இவ்வகைக் குண்டுக்கென்றே அமைந்தது. அதன் குண்டு 12 பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்தது. எடை 480 குன்றி, அதாவது சுமார் 31 கிராம். அதனைச் செலுத்த 85 குன்றி கருமருந்து வேண்டும். இங்கே குன்றி என்று நான் சொல்வது ஆங்கிலேயரின் சிறு நிறையலகை. நம் பொற்கொல்லரின் குன்றிமணியை அன்று. குதிரைப் படையினருக்கு நீண்ட துப்பாக்கி இடைஞ்சல் ஆதலால், குழலைக் குறுக்கி ஏறக்குறைய 21 அங்குலமாக்கி ஒரு குட்டைத் துப்பாக்கி செய்தனர். இதுவே கார்பைன். துப்பாக்கி இலேசானால் தோளில் விழும் உதை பெரிதாகும். ஆகவே கார்பைனுக்குக் குண்டின் எடையை 410 குன்றியாகவும் மருந்தை 70 குன்றியாகவும் குறைத்தனர்.

பின்பு 1888இல் லீ மெட்போர்ட் துப்பாக்கி வந்தது. அதைத் தொடர்ந்து கருமருந்துக்குப் பதிலாகப் புகையில்லாக் கோர்டைட் மருந்தும் வந்தது. மார்ட்டினிக் குண்டு வினாடிக்குச் சுமார் 400 மீற்றர் வேகத்தில் சென்றது. புதிய குண்டோ 600 மீற்றருக்கும் மேல் பறந்தது. அவ்வேகத்தில் வெறுங்காரீயம் வரிப்பள்ளங்களைப் பற்றமாட்டாது; வழுக்கி உரிந்து, குழலெங்கும் அப்பிவிடும். எனவே காரீயத்துக்கு மேல் செம்பும் நிக்கலும் கலந்த கடினமான உறை போட்டனர். கோர்டைட்டின் வெப்பத்தால் மெட்போர்ட் முறையிலான ஆழங்குறைந்த பள்ளங்கள் விரைவில் தேய்ந்தன. ஆகவே 1895இல் ஆழமான ஐந்து பள்ளங்களையுடைய என்பீல்ட் முறை வந்தது. பழைய மார்ட்டினிகளையும் வீசிவிடாது, புதிய சிறு குழல் பொருத்தி, பேரரசின் குடியேற்ற நாடுகளிலிருந்த தொண்டர் படைகளுக்கும் காவற் படைகளுக்கும் வழங்கினர். தாய்நாட்டுப் படை கழித்தது தூரதேசத்துக்குப் போதும் என்பது அன்றைய கணக்கு.

இத்தகைய பழைய கார்பைனில் உறையிட்ட தோட்டாவுக்குப் பதிலாக வார்த்த குண்டைச் சுடுவோர் இன்றும் சில நாடுகளில் உளர். செலவு குறைவு, உதை குறைவு, குழலும் தேயாது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, குண்டு குழலின் பள்ளத்தைவிட மிகச் சிறிதளவு பருத்திருத்தல் வேண்டும். பழைய குழல்கள் தேய்ந்து அகன்றவை. குண்டு சிறுத்திருப்பின், எரியும் வாயு அதன் பக்கத்தால் புகுந்து காரீயத்தை உருக்கிவிடும். இரண்டாவது, வேகம் மட்டாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, மெழுகோ கொழுப்போ குண்டின் மேல் பூசப்பட்டிருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் குறி தப்பும், குழல் அடைபடும்.

மலைநாட்டுக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மூடுபனி வீட்டுக்குள்ளும் வரும். கருமருந்து எரிந்தபின் எஞ்சும் உப்புக்கள் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஓரிரு நாளில் குழல் துருப்பிடிக்கும். இவ்வுப்பு எண்ணெயிற் கரைவதில்லை, நீரிற் கரையும். ஆகவே முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்திய பின்னரே எண்ணெய் பூசவேண்டும். வெறும் எண்ணெயை மட்டும் பூசினால் துரு அதன் கீழேயே வளரும்.

இனி இத்துப்பாக்கிகளைத் தாங்கியவர்களைப் பார்ப்போம். தோட்டத்துரைமாரைக் கொண்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. பெரும்பாலும் ஐரோப்பியரே அதில் இருந்தனர். 1914இல் இப்படையினர் ஏறத்தாழ 230 பேர் எகிப்துக்குச் சென்றனர். கலிப்பொலிப் போரில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்காவலராகவும் பணியாற்றினர். 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது இப்படை கலைக்கப்பட்டது. துரையின் பங்களாவில் துப்பாக்கி. லயத்தில் கவ்வாத்துக் கத்தி. இதுவே தோட்டத்தின் நிலை. ஆகவே துப்பாக்கி என்பது வேட்டைக் கருவி மட்டுமன்று. யார் ஆள்கிறார், யார் அடங்குகிறார் என்பதைச் சொல்லாமற் சொல்லும் அடையாளமும் ஆயிற்று.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் உள்ளது. அங்கே கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். விசாரணைக்கு ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் இயக்கம் அவரைத் தன் முதற் தியாகியாக இன்றும் போற்றுகிறது. ஓர் அவுன்சுக்கும் குறைந்த ஓர் உலோகத் துண்டு ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

துப்பாக்கியேந்தியவர் காவலரானதும் உண்டு. போயர் போரிலே பிடிபட்ட கைதிகள் 1900 முதல் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான எங்கல்பிரெக்ட், பிரித்தானிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து நாடு திரும்பாதிருந்தார். பின்பு யால வனத்தில் விலங்குகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். 1937இல் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டமும் வந்தது. அதற்குமுன் 1916இலேயே சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும்.

நேயர்களுக்கு இறுதியாக இரண்டு செய்திகள். பழைய பங்களாவின் பரணிலோ, பாட்டனாரின் பெட்டியிலோ இத்தகைய துப்பாக்கி ஒன்று கிடைக்குமாயின், அதிலே எந்தத் தோட்டாவையும் இட்டுப் பார்க்காதீர்கள். கருமருந்துக்கென்று செய்த குழல் புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. வெடிப்பது குறியிலன்று, சுடுபவரின் முகத்தில். பொலிஸ் நிலையத்துக்கு அறிவிப்பதே முறை. மற்றொன்று, காரீயத்தை அடுப்பில் உருக்காதீர்கள். அதன் புகையும் தூளும் உடலுக்குள் சென்றால் எளிதில் வெளியேறா, எலும்பிலே தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பேக்கர் வேட்டையாடிய ஹோர்ட்டன் சமவெளியில் இன்று மரைகள் மேய்கின்றன, சிறுத்தைகள் உலவுகின்றன. யானைகள் இல்லை. அங்கே செல்வோர் அந்தப் புல்வெளியில் ஒரு கணம் நின்று, இங்கே ஒரு காலத்தில் யானைக் கூட்டம் நடந்தது என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாயின் நன்று.