பல பேரினம் பார்த்த நீலக் குருவி

நீலகிரியின் சோலைக்காடுகளில், புதர்களுக்கு அடியில், தரையை ஒட்டியே இரை தேடித் திரியும் சிறு பாடும் பறவை ஒன்று உண்டு. மேலெல்லாம் கருநீலம், விலாவில் செம்பழுப்பு. இதன் இன்றைய அறிவியல் பெயர் ஷோலிகோலா மேஜர். ஆனால் இந்தப் பெயரின் முதல் பாதிக்கு 2017இல்தான் பிறந்தநாள்.

லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு வகுத்த முறைப்படி, ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களில் பெயர். முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். சிற்றினப் பெயர் ஒருமுறை முறைப்படி வெளியாகிவிட்டால் எளிதில் மாறாது. பேரினம் அப்படியல்ல. இந்தப் பறவைக்கு நெருங்கிய உறவு எது என்ற ஆய்வாளரின் முடிவு அது. முடிவு மாறினால் பெயரும் மாறும்.

மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதற்கு ஃபீனிக்யூரா மேஜர் என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் குட்டை இறக்கையைப் பார்த்து பிராக்கிடெரிக்ஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். பழனிமலையில் வாழும் இதன் உறவான வெள்ளை வயிற்றுப் பறவைக்கு இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு 1860களில் அல்பிவென்ட்ரிஸ் என்று தனிப்பெயர் தந்திருந்தும், சலீம் அலி காலத்து நூல்கள் அதையும் மேஜரின் துணையினமாகவே வைத்திருந்தன. 2005இல் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் இரண்டையும் பிரித்து, மையோமெலா பேரினத்துக்கு மாற்றினார்.

இவையெல்லாம் பெரும்பாலும் உருவத்தை வைத்துச் செய்த கணிப்புகள். இருண்ட காட்டுத் தரையில் ஒரே மாதிரி வாழும் பறவைகள், உறவில்லாமலே ஒன்றுபோலத் தோற்றம் பெற்றுவிடும். வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணுவைச் சோதித்தபோது, இந்தச் சோலைக்குருவிகள் பழைய பேரினங்கள் எதிலும் சேரவில்லை. நில்டாவா முதலிய ஈப்பிடிப்பான்களோடு உறவுகொண்ட தனிக்கிளை அவை. எனவே புதுப் பேரினம் ஒன்றை நிறுவி, 'சோலையில் வாழ்வது' என்ற பொருளில் ஷோலிகோலா என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கிளைக்குள்ளேயே பறவைகள் தனித்தனியாகப் பிரிந்ததற்குக் காரணம் நிலம். சோலைக்காடு மலையுச்சிகளில் மட்டுமே உண்டு. தாழ்நிலத்தின் வெக்கையை இந்தப் பறவைகள் கடப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மேஜர். தெற்கே ஆனைமலை, பழனியில் அல்பிவென்ட்ரிஸ். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கத்துப் பறவைக்கு அதே 2017 ஆய்வில் ஆஷம்புஎன்சிஸ் என்ற பெயர் கிடைத்தது.

பெயர் மாறியதில் பாதுகாப்புக்கும் சேதி இருக்கிறது. வேறெங்கோ உறவினர் உள்ள பறவை என்று எண்ணியிருந்தது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய ஒரு பேரினமாகிவிட்டது. இங்கே சோலை அழிந்தால் பேரினமே அழியும்.

வாசகருக்கு ஒரு குறிப்பு: பட்டியல்களில் ஜெர்டன் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அவர் வைத்த பேரினம் மாறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பழைய நூல்களில் இந்தப் பறவையைத் தேடும்போது முதற்சொல்லை நம்பாதீர்கள். 'மேஜர்' என்ற இரண்டாம் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.