ஹைட்ரோ போன வீடு

கனடாவின் கிழக்குப் பகுதியில் குளிர்கால மின்தடைகளில் மிகக் கொடியவை உறைமழையால் வருபவை. பஞ்சுபோல் விழும் பனியைக் கம்பிகள் ஓரளவு உதறிவிடும். உறைமழையை உதற முடியாது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும்போது இந்த மழை உண்டாகிறது. உயரத்திலிருந்து இறங்கும் பனி, வெப்ப அடுக்கில் உருகி மழைத்துளியாகிறது. கீழ் அடுக்கைக் கடக்கும்போது அது பூச்சியத்துக்கும் கீழே குளிர்கிறது. ஆனால் உறைவதற்கு நேரம் போதாமல் நீராகவே வந்து, கிளையிலோ கம்பியிலோ பட்ட மாத்திரத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு குளிர்காற்றைத் தேக்கிவைக்கும் தொட்டிபோல் அமைந்திருப்பதால் மொன்றியால் வட்டாரம் இந்த மழைக்குப் பழகிய இடம்.

ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பியைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஐஸ் படிந்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை கூடும். இரு கம்பங்களுக்கு நடுவே 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 125 கிலோ. வளர்ந்த ஆட்கள் இருவர் ஒரே கம்பியில் தொங்குவதுபோல. அதன்மேல் ஐஸ் சுமந்த மரக்கிளையும் முறிந்து விழுகிறது. 1998 ஜனவரி 5 முதல் 10 வரை இப்படிப் பெய்த மழை, மொன்றியாலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவை எட்டியது. ஏறத்தாழ ஆயிரம் இரும்புக் கோபுரங்களும் 30,000க்கும் மேற்பட்ட மரக்கம்பங்களும் சாய்ந்தன. சுமார் 40 லட்சம் பேர் மின்சாரம் இழந்தார்கள். சான்தியசாந்த், கிரான்பி, சான்-ஜான்-சூர்-ரிஷெலியு ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட நிலப்பரப்புக்குக் ‘கறுப்பு முக்கோணம்’ என்றே பெயர் விழுந்தது. அங்கே சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கும் மேலானது. ஆயிரக்கணக்கான படைவீரர்கள் மரம் வெட்டவும் வீடு வீடாகச் சென்று ஆட்களைப் பார்க்கவும் இறக்கப்பட்டனர்.

ரொறன்ரோவுக்கு அந்த அனுபவம் 2013 டிசம்பரில் வந்தது. 21, 22ஆம் தேதிகளில் பெய்த உறைமழையில் நகரின் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ மிகவும் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. நத்தார் நாளன்றும் பல்லாயிரம் வீடுகள் இருட்டில் இருந்தன. ஒன்ராறியோவில் பேச்சுவழக்கில் மின்சாரத்துக்கு ‘ஹைட்ரோ’ என்று பெயர். நயாகராவின் நீர்மின்சாரக் காலத்திலிருந்து வரும் வழக்கு அது. ‘ஹைட்ரோ போயிட்டுது’ என்பதுதான் அந்த வாரம் தொலைபேசிகளில் முதலில் கேட்ட செய்தி.

மின்சாரம் இல்லாத வாழ்க்கை ஈழத்திலிருந்து வந்தவர்களுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990க்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரம் கிடையாது; ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி வைத்த விளக்கில் ஒரு தலைமுறையே படித்துப் பரீட்சை எழுதியது. ஆனால் அந்த வீடு வேறு, இந்த வீடு வேறு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும் வீட்டில், முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பழகிய அறிவு, காற்றும் நுழையாதபடி அடைத்துக் கட்டிய கனடிய வீட்டுக்குள் ஆளையே கொன்றுவிடக்கூடும். சிக்கனமும் பொறுமையும் அங்கிருந்து வரலாம். நெருப்பு வரக் கூடாது.

குளிர்நாட்டு வீட்டில் வெப்பம், குடிநீர், வெள்ளக்காப்பு, எச்சரிக்கை மணி எல்லாமே மின்சாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கியூபெக்கில் நீர்மின்சாரம் மலிவு என்பதால் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடேறுகின்றன. ஒன்ராறியோவில் எரிவாயு ஃபர்னஸ்தான் அதிகம். எரிவாயு தனிக் குழாயில் வருகிறது, மின்சாரம் போனாலும் வீடு சூடாகத்தானே இருக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகையும் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும் மின்சாரத்தில் ஓடுபவை. அவை நின்றால் எரிவாயு இருந்தும் பயனில்லை. பேஸ்மென்டில் ஊறும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்பும் நின்றுவிடும். குடியேறிய புதிதில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இருட்டோடும் குளிரோடும் காலடியில் ஏறும் தண்ணீரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

மின்சாரம் போனதும் வீடு உடனே உறைந்துவிடாது. நல்ல காப்புள்ள வீடு பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மணிநேரங்களில் செய்யும் வேலைதான் பிறகு கைகொடுக்கும். வீடு முழுவதையும் காக்க முயலாமல், வெயில் விழும் பக்கத்துச் சிறிய அறை ஒன்றைத் தேர்ந்து எல்லோரும் அதற்குள் சேர்வது முதல் வேலை. கதவிடுக்கில் துவாயைச் செருகி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மெத்தைகளைத் தரையில் நெருக்கிப் போட்டால் மனித உடல்களே அந்த அறைக்கு அடுப்பாகின்றன. ஒரு தடித்த உடுப்பைவிட மெல்லிய உடுப்புகள் பல அடுக்காக இருப்பது நல்லது. அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. வீட்டுக்குள்ளேயே தொப்பியும் காலுறையும் போடத் தயங்கக் கூடாது. பகலில் வெயில் அடித்தால் திரையைத் திறந்து, மங்கியதும் மூடிவிட வேண்டும். மது குடித்தால் சூடு ஏறுவதாகத் தோன்றும். உண்மையில் அது தோலுக்கடியில் இரத்தக் குழாய்களை விரித்து உடம்பின் வெப்பத்தை வெளியே விடுகிறது.

உடலின் வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்து நிலை. நடுக்கம் முதல் அறிகுறி. நா குழறுவதும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதும், தள்ளாடுவதும் அடுத்தவை. கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் அது தேறுதல் இல்லை. உடல் போராட்டத்தைக் கைவிடுகிறது, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முதியவர்களுக்குக் குளிரை உணரும் திறனே மங்கியிருக்கும். ‘எனக்குக் குளிரேல்லை’ என்று அப்பம்மா சொல்வதை நம்பிவிடாமல், அவர் வயிற்றையும் முதுகையும் தொட்டுப் பார்ப்பதே சரி. அமெரிக்காவின் டெக்சாஸில் 2021 பிப்ரவரிப் புயலின்போது இறந்தவர்களாக மாநிலச் சுகாதாரத் துறை எண்ணிய 246 பேரில் 161 பேரைக் கொன்றது குளிர். கார்பன் மோனாக்சைடு 19 பேரையும் தீ 10 பேரையும் கொன்றன.

அந்தப் பின்னிரண்டு வகைச் சாவுகளும் முழுக்கத் தவிர்க்கக்கூடியவை என்பதால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கரி, விறகு, பெட்ரோல், எரிவாயு எதுவானாலும் போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் அதிகமான பற்றோடு பிடித்துக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல் ஓடும்; உடலுக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், அயர்வு என்று காய்ச்சலில்லாத சளிக்காய்ச்சல்போல் தொடங்கும். குளிரால்தான் இப்படி என்று எண்ணிப் படுத்தவர்கள் எழுவதில்லை. ஒரே நேரத்தில் வீட்டிலுள்ள பலருக்குத் தலைவலி வந்தால் காரணத்தை ஆராய நிற்காமல் எல்லோரும் வெளியே போக வேண்டும், பிறகு தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

கரி அடுப்பு, பார்பிக்யூ, முகாம் அடுப்பு எதுவும் வீட்டுக்குள் கூடாது. சன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. மீன் பொரிக்கும் மணம் வீட்டுக்குள் தங்காமலிருக்கக் கராஜில் எரிவாயு அடுப்பு வைத்திருக்கும் தமிழ் வீடுகள் பல உண்டு. குளிருக்காகக் கராஜின் பெரிய கதவை இறக்கிவிட்டு அங்கே சமைத்தால், வாயு வீட்டுக்குள் திறக்கும் சின்னக் கதவின் இடுக்கால் உள்ளே வரும். சமையலறையின் எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துச் சோறு கறி சமைத்து அணைப்பது வேறு. அறை சூடாகட்டும் என்று மணிக்கணக்கில் எரியவிடுவது வேறு. ஜெனரேட்டர் வீட்டுக் கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, வெட்டவெளியில் ஓட வேண்டும். கைபேசிக்கு மின்னேற்றக் காரை ஓடவிடுவதானால், காரைக் கராஜிலிருந்து வெளியே எடுத்து, புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றி இன்னொன்று. அதைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகினால் மின்சாரம் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும். வீட்டுக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் எதிர்த்திசையில் அதைப் பல ஆயிரம் வோல்டாக உயர்த்திவிடும். கம்பியில் மின்சாரமில்லை என்று நம்பிக் கைவைக்கும் தொழிலாளிதான் சாவார். வீட்டுச் சுற்றோடு இணைக்க வேண்டுமானால், வெளிக்கம்பியைத் துண்டித்துவிட்டு மாற்றும் சுவிட்சை உரிமம் பெற்ற மின்வினைஞர் பொருத்தியிருக்க வேண்டும். அறுந்து கிடக்கும் எந்தக் கம்பிக்கும் 10 மீட்டருக்குள் போகக் கூடாது.

வெளிச்சத்துக்கு, தீ ஆபத்துள்ள மெழுகுவர்த்தியைவிட டார்ச்சே மேல். கைபேசியின் விளக்கை எரியவிட்டு அதன் பேட்டரியைத் தீர்த்துவிடுவது பலர் செய்யும் தவறு. அவசர அழைப்புக்கு அது வேண்டும். பேட்டரி ரேடியோ ஒன்றிருந்தால் எந்தச் சமூகக் கூடம் சூடேற்றித் திறந்திருக்கிறது என்பது தெரியும். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீடு, முதல் இரவே போவது நல்லது.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். குழாய் பெரும்பாலும் ஐஸ் இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை; ஐஸ் கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே அகப்பட்ட நீரின் அழுத்தம் ஏறித்தான் வெடிக்கிறது. குழாயைச் சொட்டு சொட்டாக ஒழுகவிடுவதன் பயன் இதுதான்: அழுத்தம் தேங்க இடமில்லாமல் போகிறது. வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறையின் மிச்சச் சூடு குழாயை எட்டும். வீட்டைவிட்டு வேறிடம் போவதானால் பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து வைத்திருக்க வேண்டும். குடிநீரைப் பிடித்து வைப்பதும் முக்கியம். 1998 ஜனவரி 9 அன்று மொன்றியாலின் சுத்திகரிப்பு நிலையங்களுக்கே மின்சாரம் போய், பெருநகரத்தின் கையிருப்பு மணிக்கணக்கில் எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு வைத்திருப்பது நல்ல கணக்கு. மாடிக் குடியிருப்புகளில் நீரை மேலேற்றும் பம்பும் லிஃப்ட்டும் ஒன்றாகவே நிற்கும். பதினைந்தாம் மாடியில் தனியாக இருக்கும் ஒருவருக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதைவிடப் பெரிய உதவி அந்நாட்களில் இல்லை.

திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். வெளியே உறைபனி என்பதற்காக மீனையும் இறைச்சியையும் பின்வளவில் வைக்கக் கூடாது. பகல் வெயிலில் அவை உருகும், விலங்குகளும் இழுத்துப்போகும். வாளிகளில் நீர் ஊற்றி வெளியே உறையவிட்டு அந்த ஐஸை ஃபிரிட்ஜுக்குள் வைப்பதே சரியான வழி. ஐஸ் படிகம் இன்னும் தெரிந்தால் மறுபடி உறையவைக்கலாம். 4 பாகைக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்த இறைச்சி, மீன், பால், சோறு, தேங்காய்ப்பால் கறி எதுவானாலும் மணந்து பார்க்காமலே எறிந்துவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சிக்கல் மறுபக்கத்திலிருந்து வரும்: வீடு குளிரும்போது மருந்து உறைந்துவிடக் கூடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் கெட்டதுதான். அதை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் கருவி போன்றவற்றை நம்பியிருப்பவர்கள் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பதை முன்பே தெரிந்து, அது தீர்வதற்குள் மின்சாரமுள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

எதிர்வீட்டில் விளக்கெரிய நம் வீடு மட்டும் இருட்டில் கிடப்பது மனத்தை மிகவும் சோர்வடையச் செய்துவிடும். திருத்தம் நடக்கும் வரிசை அப்படி. முதலில் உயரழுத்தக் கோபுரங்களும் துணைநிலையங்களும், பிறகு மருத்துவமனைகளும் நீர்நிலையங்களும் உள்ள தடங்கள், பிறகு ஒரே பழுதில் பல நூறு வீடுகள் மீளக்கூடிய கம்பிகள், கடைசியில் தனித்தனி வீட்டுக்குப் போகும் இழைகள். தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு தடங்களில் இருக்கலாம். 2013இல் பலரை மேலும் சில நாள் காக்கவைத்தது இன்னொன்று. தெருவிலிருந்து வரும் கம்பி வந்து இறங்கும், சுவரோடு நிமிர்ந்து நிற்கும் குழாய் வீட்டுக்காரரின் உடைமை. கிளை விழுந்து அது பிய்ந்திருந்தால் வீட்டுக்காரரே மின்வினைஞரைக் கொண்டு திருத்தி, பரிசோதனையும் முடித்த பிறகுதான் மின்நிறுவனம் இணைக்கும். இருட்டின் முதல் நாளே சுவரை அண்ணாந்து பார்த்துவிடுவது வீண் காத்திருப்பைக் குறைக்கும்.

நீண்ட தடைக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் அந்த நொடியில் எல்லா வீட்டு ஃபர்னஸ்களும் ஃபிரிட்ஜ்களும் ஒன்றாக இழுக்கத் தொடங்கும். வழக்கமான நாளில் அவை முறை வைத்ததுபோல் மாறி மாறி ஓடுபவை. இந்தச் சுமையைத் தாங்காமல் தடம் மீண்டும் விழுவதுண்டு. ஆகவே ஒரு விளக்கை மட்டும் போட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்து வைத்து, விளக்கெரிந்து கால்மணி நேரம் கழித்து, சூட்டுக்கருவியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வெடித்த குழாய் உறைந்திருக்கும்வரை ஒழுகாது. வீடு சூடேறும்போதுதான் நீர் கொட்டும். பிரதான வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, பேஸ்மென்டின் கூரையையும் சுவர்களையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரம் இல்லை என்று உறுதியான பின்பே முழுவதும் திறக்கலாம்.