ஆட்கொல்லியும் அடியாரும்

மான்டிகோர் என்பது பாரசீகக் கதைகளில் வரும் ஆட்கொல்லி விலங்கு. அதன் முகமும் காதும் மனிதனுடையவை, உடல் சிங்கத்தினுடையது, வாலின் நுனியில் தேளின் கொடுக்கு. பாரசீக மன்னர் இரண்டாம் அர்த்தசெர்க்சஸின் அரண்மனையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்தேசியாஸ், ஏறத்தாழ கி.மு. 400ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய 'இந்திகா' என்ற நூலில் இதை விரிவாக வர்ணித்தார். செக்கச் சிவந்த நிறம், மூன்று வரிசைப் பற்கள், எக்காளமும் குழலும் சேர்ந்து ஊதினாற் போன்ற குரல். வாலிலிருந்து முட்களை அம்பு போல எய்யும். அந்த முள் பட்டால் யானையைத் தவிர எந்த உயிரும் பிழைக்காது. ஆகவே யானை மேல் அமர்ந்துதான் அதை வேட்டையாடுவார்கள் என்றும் எழுதினார்.

இந்த விலங்கு வாழும் நாடாக அவர் குறிப்பிட்டது பாரசீகத்தை அல்ல, இந்தியாவை. ஆனால் க்தேசியாஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. பெரும்பாலும் அரண்மனையில் காதில் விழுந்த செய்திகளே அவருக்கு ஆதாரம். மூல நூலும் அழிந்துவிட்டது. 9ஆம் நூற்றாண்டில் போட்டியஸ் என்ற கிறித்துவத் தலைமைக் குரு எழுதிவைத்த சுருக்கமும், பிறர் எடுத்தாண்ட பகுதிகளுமே கிடைக்கின்றன. ஆனால் நூல் அழியும் முன்பே கதை பரவிவிட்டது. அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் க்தேசியாஸின் பெயரைச் சொல்லியே இதைக் குறிப்பிட்டார். ரோமானியரான பிளினி திரும்ப எழுதினார். இடைக்கால ஐரோப்பாவின் விலங்கு நூல்களில் மான்டிகோர் படத்தோடு இடம்பிடித்தது. இன்றைய மாயாஜால நாவல்கள், கணினி விளையாட்டுகள் வரை அதன் ஆயுள் நீண்டிருக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் இதை நம்ப மறுத்தார். கிரேக்கப் பயணி பவுசானியாஸ், க்தேசியாஸ் சொல்லும் விலங்கு புலியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். மூன்று வரிசைப் பல்லும் வால் முள்ளும் அச்சத்தில் பெருகிய கற்பனை என்பது அவர் கருத்து. புலியோடு பழகிய நிலத்திலிருந்து பார்த்தால் அது சரியான கணிப்பு. அப்படிப்பட்ட நிலமான தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்போனது. ஆநிரை காக்கும் சண்டையில் மாண்டவர்களோடு, புலியை எதிர்த்து நின்று உயிர்விட்டவர்களுக்கும் இப்பகுதியில் கல் நட்டு வழிபட்டார்கள். புலிக்குத்திக் கல் என்று அதற்குப் பெயர். பாயும் புலியின் எதிரே வீரன் ஆயுதத்தோடு நிற்பான். அந்தப் புலிக்கு மனித முகம் கிடையாது, தேள் கொடுக்கும் கிடையாது. காட்டின் விளிம்பில் ஆடுமாடு மேய்த்தவர்களுக்குப் புலி புலியாகவே தெரிந்திருந்தது.

மனித முகமும் சிங்க உடலும் சேர்ந்த உருவம் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. அதன் பெயர் புருஷாமிருகம். யாளி வேறு, இது வேறு. யாளிக்குப் பொதுவாகச் சிங்க முகமோ யானைத் துதிக்கையோ இருக்கும். புருஷாமிருகத்துக்குச் சடை முடித்த மனிதத் தலை, நாலுகால் உடல். மான்டிகோருக்கும் இதற்கும் உறவு உண்டென்று சொல்ல உருவ ஒற்றுமை மட்டும் போதாது, குணத்தில் இரண்டும் நேர் எதிர். பாரசீகக் கதையில் மனிதரைத் தின்னும் உருவம் தமிழ்க் கோயிலில் சிவனடியார். சிதம்பரம் நடராசர் கோயிலில் அது வாயில் காக்கிறது. உள்ளே வருவோரின் பாவத்தை அது நீக்கிவிடும் என்பது நம்பிக்கை. சிவாலயத் திருவிழாக்களில் சுவாமியைச் சுமந்து வீதியுலா வரும் வாகனங்களில் ஒன்று புருஷாமிருகம். தீபாராதனையில் நாக தீபம், ரிஷப தீபம் போலப் புருஷாமிருக தீபமும் காட்டப்படுகிறது.

இந்த விலங்கின் கதை மிக உயிரோடு இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். தருமர் நடத்தும் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும் என்று கண்ணன் வீமனை அனுப்புகிறார். அதுவோ சிவனைத் தவிர இன்னொரு பெயரைக் காதால் கேட்கப் பொறுக்காத விலங்கு. வீமன் "கோவிந்தா! கோபாலா!" என்று கூவிக்கொண்டே நெருங்க, அது சினந்து துரத்துகிறது. அது பிடிக்க வரும்போதெல்லாம் கண்ணன் கொடுத்த உருத்திராக்கத்தில் ஒன்றை வீமன் கீழே போடுவான். அது சிவலிங்கமாகிவிடும். லிங்கத்தைக் கண்டதும் கோபத்தை மறந்து புருஷாமிருகம் பூசையில் அமரும். அந்த நேரத்தில் வீமன் தப்பி ஓடுவான். பன்னிரண்டு உருத்திராக்கமும் தீர்ந்தபோது, வீமனின் ஒரு கால் தன் எல்லைக்குள்ளும் மறு கால் விலங்கின் எல்லைக்குள்ளும் இருந்தது. வழக்கு தருமரிடம் வருகிறது. தம்பி என்று பாராமல், வீமன் உடலில் பாதி புருஷாமிருகத்துக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொல்கிறார் தருமர். அப்போது கண்ணன் அரியும் அரனும் ஒன்றே என்று காட்டி இருவரையும் அமைதிப்படுத்துகிறார்.

உருத்திராக்கம் விழுந்த இடங்களாகச் சொல்லப்படும் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் மகா சிவராத்திரியை ஒட்டி ஓடியே தரிசிப்பதுதான் சிவாலய ஓட்டம். முஞ்சிறை அருகே திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, கல்குளம் என்று சென்று திருநட்டாலத்தில் முடிகிறது. மொத்தத் தொலைவு 100 கிலோமீட்டருக்கும் மேல். காவி உடுத்தி, விசிறியும் திருநீற்றுப் பையுமாக, இரவு பகலாக ஓடுகிறார்கள். விசிறி இறைவனுக்கு வீசுவதற்கு. வழியெங்கும் ஊரார் மோரும் பானகமும் கஞ்சியும் கொடுப்பார்கள். சிவன் கோயில்களை நோக்கி ஓடுபவர்கள் வாய்விட்டுச் சொல்வது வீமன் சொன்ன "கோவிந்தா! கோபாலா!" என்ற திருமாலின் பெயர்களைத்தான். கடைசித் தலமான திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஓருருவான சங்கரநாராயணரைக் கண்டு ஓட்டத்தை நிறைவு செய்கிறார்கள். மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பன்னிரண்டு கோயில்களையும் சுற்றிவருபவர்கள் இப்போது ஏராளம். விரதமிருந்து வெறுங்காலோடு ஓடுபவர்களும் ஆண்டுதோறும் திருமலையில் கூடுகிறார்கள்.