கேஷ்பேக்: கைக்கு வந்து சேருவது எவ்வளவு?

தீபாவளி நெருங்கிவிட்டால், டோம்பிவிலியில் நம்மவர் வீடுகளில் பட்சணப் பேச்சோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்ளும்: "எந்தக் கார்டுக்கு எவ்வளவு கேஷ்பேக்?" அந்தப் பேச்சில் மயங்கியவர்களில் நானும் ஒருவன்.

சென்ற ஆண்டு ரூ.40,000க்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கினேன். "பழசு நல்லாத்தானேங்க ஓடுது?" என்று மனைவி கேட்டது காதில் விழவில்லை. 10 சதவீதம் கேஷ்பேக் என்றால் ரூ.4,000 ஆயிற்றே! ஆனால் உச்சவரம்பு ரூ.2,000 என்று பொடி எழுத்தில் இருந்தது. அதுவும் 90 நாள் கழித்துத்தான் வந்தது. இதற்கிடையில் வைத்தியச் செலவு வந்துவிட, கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகையான ரூ.2,000 மட்டும் கட்டினேன். பாக்கி ரூ.38,000க்கு மாதம் 3.5 சதவீத வட்டி ரூ.1,330, வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.239. கடனைத் தீர்க்க இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டாயிரம் பெறுவதற்கு மூவாயிரத்துக்கு மேல் கொடுத்தேன்!

ரயில்வேயில் டெண்டர்களை ஒப்பிடும்போது வரி, சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து, பொருள் நம்மிடம் வந்து சேரும் விலையைத்தான் பார்ப்போம். வீட்டுக் கணக்கில் அதை மறந்துவிட்டேன்.

சலுகையெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கோ-ஆப்டெக்ஸ் தரும் தீபாவளித் தள்ளுபடி பில்லிலேயே கழிந்துவிடுகிறது. கேஷ்பேக்கில் முழுப் பணத்தையும் முதலில் நாம் கொடுக்கிறோம். அது நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் திரும்புகிறது. எப்படியும் வாங்க வேண்டிய மளிகையைக் கார்டில் வாங்கி, கெடு தேதிக்குள் முழு பில்லையும் கட்டுபவருக்கு அது உண்மையான லாபமே. 'வட்டியில்லாத் தவணை'யிலும் கவனம் தேவை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "உங்களுக்குக் கேஷ்பேக் விழுந்திருக்கிறது, யு.பி.ஐ. பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. போட்டால் நம் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இராமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

வாங்குமுன் ஒரு கேள்வி போதும்: கேஷ்பேக் இல்லாவிட்டாலும் இதை வாங்குவேனா? இல்லை என்றால், வாங்காமல் இருப்பதே முழுத் தள்ளுபடி. எங்கள் பழைய ஃப்ரிட்ஜ், கொடுத்துவிட்ட வீட்டில் இன்றும் நன்றாக ஓடுகிறது!